மேட் சீசன் ‘அபவ்’ மாதிரி ஒரு இருண்ட ஆல்பம்: மண்டபம் ஊரில் மாடி அறை, 4 பேர், பதிவு கலங்கலா வருது

மண்டபம்_பேஸ் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். மேட் சீசன்ங்கிற அமெரிக்க ராக் குழுவோட ‘அபவ்’ ஆல்பத்தை அளவுகோலா வச்சுக்கிட்டு 6 சொந்தத் தமிழ்ப் பாட்டு பதிவு பண்றோம். கிட்டார், பேஸ், டிரம்ஸ், பாட்டுன்னு 4 பேர். எல்லாரும் வேற வேற குழு. ஒருத்தர் சர்ச் குழு, ரெண்டு பேர் மெல்லிசைக் குழு. நாலு பேரும் ஒண்ணாக் கிடைக்கிற நாள் ரொம்பக் கம்மி.

அறை ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ல, கடல்ல இருந்து ஏறக்குறைய 300 மீட்டர். மாடி, கான்கிரீட் தளம், 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். 8 மைக் நுழைவு உள்ள இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கம்ப்யூட்டருக்கு ஏத்துற கருவி), டைனமிக் மைக் 5, கண்டென்சர் 2, 20 வாட் கிட்டார் ஆம்ப். பேஸ் மைக் இல்லாம, டிஐ பெட்டி வழியா நேரா இன்டர்ஃபேஸுக்குப் போகுது.

பிரச்சினைகள்:

கிட்டாரை ரெண்டு மூணு அடுக்கா ஏத்தினா எல்லாம் சேர்ந்து கலங்கலாயிடுது. பாட்டு சோகமா இல்ல, வெறும் இரைச்சல்.

பேஸ்ல கீழ் ‘இ’ தந்தியைத் திறந்து வாசிச்சா அறையே குமுறுது. பக்கத்து சுரங்கள் அப்படி இல்ல. ஈக்வலைசர்ல 40 ஹெர்ட்ஸைக் குறைச்சா வேற ஸ்பீக்கர்ல பேஸே காணோம்.

புதுத் தந்தி 4, 5 நாள்ல செத்துடுது. ஒரு கண்டென்சர் மைக்குல ‘பட பட’ன்னு பொரியுற சத்தம். கிட்டார்ல எப்பவும் ஒரு ‘ர்ர்ர்’.

‘லாங் கான் டே’ பாட்டுல வர்ற மரிம்பா, சாக்ஸபோன் ரெண்டும் ராமநாதபுரம் மாவட்டத்துல எங்க கிடைக்கும்? பதிலுக்கு என்ன வைக்கலாம்? அப்புறம், மொத்தமா எத்தனை நாள் ஒதுக்கணும்?

---

வாடைக்காற்று

தம்பி, ஒலி வேலைக்கு முன்னாடி அந்த ஆல்பத்தை ஒரு தடவை பிரிச்சுப் பார்த்துடுவோம். முதல் பிரச்சினைக்குப் பதில் அதுலதான் இருக்கு.

1995 மார்ச்ல கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. 10 பாட்டு, ஏறக்குறைய 55 நிமிஷம். பாட்டு ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவோட லேன் ஸ்டேலி, கிட்டார் பேர்ல் ஜாம் குழுவோட மைக் மெக்ரெடி, டிரம்ஸ் ஸ்க்ரீமிங் ட்ரீஸ் குழுவோட பாரெட் மார்ட்டின். பேஸ் வாசிச்ச ஜான் பேக்கர் சாண்டர்ஸ் மத்தவங்களைவிடப் பத்து வயசுக்கு மேல மூத்தவர், ப்ளூஸ்ல ஊறினவர். மெக்ரெடி மினசோட்டாவுல போதை மீட்பு சிகிச்சைக்குப் போன இடத்துல சந்திச்ச ஆள். மீண்டு வர்றவங்க கூட்டுச் சேர்ந்தா ஸ்டேலியும் மீள்வார்ங்கிற நினைப்புலதான் இந்தக் குழுவே உருவாச்சு. அது நடக்கல. சாண்டர்ஸ் 1999லயும் ஸ்டேலி 2002லயும் போய்ச் சேர்ந்தாங்க.

சியாட்டில்ல பேட் அனிமல்ஸ் ஸ்டுடியோவுல பதிவு. தயாரிப்பு குழுவும் பிரெட் எலியசனும். எலியசன் பேர்ல் ஜாமுக்கு மேடை ஒலி பார்த்தவர். இந்தத் தகவலை மனசுல வச்சுக்க: மேடையில ஒரு குழு ஒண்ணா வாசிக்கும்போது எப்படிக் கேட்கும்னு தெரிஞ்சவர் கையில போன ஆல்பம் அது. வாத்தியப் பகுதி ஏறக்குறைய ஒரு வாரத்துல முடிஞ்சுது, குரலுக்கு இன்னும் சில நாள். அதுக்கு முன்னாடி ஒத்திகை ரொம்பக் கம்மி, மேடை நாலோ என்னவோ.

இப்ப கேட்டுப் பாரு. ‘வேக் அப்’ பேஸ் வரியிலதான் நிக்குது. கிட்டார் ரொம்ப நேரம் ஓரமா நிக்குது, ஏழு நிமிஷப் பாட்டுல கடைசிப் பகுதியிலதான் உரக்கப் பேசுது. ‘ரிவர் ஆஃப் டிசீட்’ல டிஸ்டார்ஷனே (கிட்டாரை உறும வைக்கிற ஒலிச் சிதைவு) கிடையாது. கேட்க இதமான மெட்டு, உள்ளே இருக்கிற சொல்தான் கனம். அந்த நேரத்துல ஸ்டேலி கலீல் கிப்ரானோட ‘தீர்க்கதரிசி’யைப் படிச்சுக்கிட்டு இருந்தார், அதோட சாயல் அந்த வரிகள்ல உண்டு. ‘ஆல் அலோன்’ல சொல்லே நாலஞ்சுதான், மீதியெல்லாம் குரல் அடுக்கு. ‘எக்ஸ்-ரே மைண்ட்’, ‘லைஃப்லெஸ் டெட்’, ‘ஐ டோன்ட் நோ எனிதிங்’ முரட்டுப் பாட்டுகள்தான், ஆனா அதுலயும் ஒரே கிட்டார் வரி திரும்பத் திரும்ப வருது. அதுக்கு மேல சுவர் கட்டல.

ஆக, இருட்டுங்கிறது டிஸ்டார்ஷன்ல இருந்து வரல, காலி இடத்துல இருந்து வருது. உங்க 6 பாட்டுலயும் இதைச் செஞ்சு பாருங்க:

பேஸ்தான் மெட்டைத் தூக்கணும். கிட்டாரைக் கழட்டிட்டு பேஸ், டிரம்ஸ், குரல் மூணை மட்டும் கேளு. பாட்டு நிக்கலேன்னா கிட்டார் அடுக்கி அதைக் காப்பாத்த முடியாது.

கிட்டார் ஒண்ணு. ரெண்டாவது வேணும்னா முதலாவது வாசிக்காத சுர எல்லையில வாசிக்கணும். முதல் கிட்டார் திறந்த கார்டு பிடிச்சா, ரெண்டாவது 9ஆம் கட்டைக்கு (ஃப்ரெட்) மேல ரெண்டு சுரம் போதும். ரெண்டும் கீழயே பவர் கார்டு (ரெண்டு சுரம் மட்டும் சேர்ந்த கார்டு) பிடிச்சா 200ல இருந்து 400 ஹெர்ட்ஸ் வரைக்கும் மேல மேலக் குவியும். நீ சொல்ற கலங்கல் அதுதான். அந்தப் பட்டையிலதான் குரலோட உடம்பும் இருக்கு, டாம் டிரம்மும் இருக்கு. மிக்ஸ்ல கிட்டாருக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ முழுசா வெட்டு, 300 பக்கம் 3 டெசிபல் குறை. அதுக்கும் மேல வெட்ட வேண்டியிருந்தா கோளாறு பாட்டை அமைச்ச விதத்துல, ஈக்வலைசர்ல இல்ல.

ஆம்ப்ல டிஸ்டார்ஷனை நீங்க இப்ப வைக்கிற அளவுல பாதிக்கு இறக்கு. அறையில மெலிசாக் கேட்கும், பதிவுல சரியா இருக்கும். மெக்ரெடி ஹென்ட்ரிக்ஸ், ஸ்டீவி ரே வான் மாதிரி கிட்டார்காரங்க வழியில வந்த கை. அழுத்தி வாசிச்சா உறுமணும், மெதுவா வாசிச்சா தெளியணும். டிஸ்டார்ஷன் முழுசா ஏத்தின ஆம்ப்ல அந்த வித்தியாசமே செத்துப் போகும்.

---

கீழக்கரை_ஒலி

வாடைக்காற்று அண்ணன் சொன்னதுல ஒரு எழுத்து மாத்த வேண்டாம். பேஸ் குமுறல் பத்தி மட்டும் நான் சொல்றேன்.

14 அடின்னா 4.27 மீட்டர். நம்ம ஊர் வெக்கைக்கு ஒலியோட வேகம் நொடிக்கு 347 மீட்டர்னு வச்சுக்கலாம். வேகத்தை நீளத்தோட இரண்டு மடங்கால வகுத்தா 40.6 ஹெர்ட்ஸ். அந்த அறையோட முதல் நிலையலை (எதிர் எதிர்ச் சுவர்ல மோதி அறையில நிக்கிற அலை) அது. பேஸோட திறந்த ‘இ’ 41.2 ஹெர்ட்ஸ். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உட்காருது, அதான் குமுறல். 12 அடிக்கு 47.4 வரும், அது ‘எஃப் ஷார்ப்’ 46.2க்குப் பக்கம். 10 அடி உயரத்துக்கு 56.9, அது ‘ஏ’ 55க்குப் பக்கம். அந்த ரெண்டு சுரத்தையும் வாசிச்சுப் பாருங்க, அங்கயும் கொஞ்சம் வீங்கும்.

முக்கியமான விஷயம் இது. பேஸ் டிஐ வழியாப் போகுதுன்னு சொல்றீங்க. அப்ப குமுறல் பதிவுல இல்ல, நீங்க கேட்கிற அறையில இருக்கு. அறையில வீங்குறதைப் பார்த்து 40 ஹெர்ட்ஸை வெட்டுறீங்க, வீங்காத அறையில போட்டா பேஸ் இல்லாமப் போகுது. மருந்து தப்பான ஆளுக்குப் போகுது. நல்ல மூடிய ஹெட்ஃபோன்ல கேட்டு உறுதி பண்ணிக்கங்க, அப்புறம் அந்த வெட்டை எடுத்துடுங்க. 30 ஹெர்ட்ஸுக்குக் கீழ மட்டும் வெட்டினாப் போதும்.

ஸ்பீக்கரை 12 அடிச் சுவர்ப் பக்கம் வச்சு, நீளவாக்குல பார்த்து உட்காருங்க. முன்சுவர்ல இருந்து 5 அடி 4 அங்குலம் பக்கம் உங்க காது இருக்கணும். நட்டநடுவுல, அதாவது 7 அடியில உட்கார்ந்தா 41 ஹெர்ட்ஸ் மொத்தமா மறைஞ்சுடும். பின்சுவர் ஓரமா உட்கார்ந்தா இரண்டு மடங்கா வீங்கும். ஒரே பேஸ் வரியை ஓட விட்டுட்டு அறையில நடந்து பார்த்தாலே தெரியும்.

மூலைகளுக்கு ராக்வூல்: 50 மில்லிமீட்டர் தடிமன், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி. ரெண்டு பலகையை ஒட்டி 100 மில்லிமீட்டர் ஆக்கி, மூலைக்குக் குறுக்கா சாய்ச்சு, பின்னால காலி இடம் விட்டு நிறுத்துங்க. காடாத் துணியால சுத்திடுங்க, நார் பறந்து தொண்டையைக் கெடுக்கும். ஒரு மூலைக்குத் தரையில இருந்து கூரை வரைக்கும்னா 4 அடிப் பலகை இரண்டரை ஜோடி, அதாவது 5. இது 80 ஹெர்ட்ஸுக்கு மேலதான் உருப்படியா வேலை செய்யும். 41 ஹெர்ட்ஸை அடக்காது. அதுக்கு உட்காருற இடம் மாத்துறதுதான் வழி. இலவம் பஞ்சு மெத்தை சுருட்டி வைக்கலாம், ஆனா நம்ம கரையில மழைக்காலத்துல நமுத்துப் பூஞ்சை பிடிக்கும். சுவரை ஒட்டாம ரெண்டு அங்குலம் தள்ளி வச்சு, வெயில் அடிக்கிற அன்னிக்குக் காயப் போடணும்.

முட்டை அட்டை, மீன் வலை, பனை ஓலைப் பாய் இதெல்லாம் சுவர்ல மாட்டி நிறைய பேர் படம் போடுறாங்க. வலை ஒலிக்கு ஒண்ணுமே செய்யாது. பாயும் அட்டையும் மேல் ஒலியைக் கொஞ்சம் மழுக்கும். அப்ப சிம்பல் செத்து, கலங்கல் மட்டும் மிஞ்சும். இருக்கிறதும் போகும்.

டிரம்ஸுக்கு 3 மைக் போதும், 8 வைக்காதீங்க. ஒரு கண்டென்சர் ஸ்னேருக்கு நேர் மேல, தோலில் இருந்து 100 சென்டிமீட்டர். இன்னொண்ணு ஃப்ளோர் டாமுக்கு வலப்பக்கம், ஸ்னேரைப் பார்த்து, அதே 100 சென்டிமீட்டர். ஒரு கயிறுல அளந்து வைங்க. 5 சென்டிமீட்டர் தப்பினாக்கூட ஸ்னேர் ரெண்டு மைக்குக்கும் வேற வேற நேரத்துல போய்ச் சேர்ந்து ஓட்டை விழுந்த மாதிரிக் கேட்கும். மூணாவது, கிக்குக்கு முன்னாடி ஒரு டைனமிக். அளவு: உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ்.

---

உப்புக்கரை

தந்தி, மைக், ‘ர்ர்ர்’ மூணும் நம்ம ஊர் வியாதி. இணையத்துல வர்ற ஆலோசனை எல்லாம் உலர்ந்த ஊர்க்காரங்க எழுதுறது.

தந்தி ஏன் சாகுதுன்னா: காத்துல வர்ற உப்பு தந்திச் சுத்துக்குள்ள படியுது. சாப்பாட்டு உப்பு காத்து ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினா தானே தண்ணியை இழுத்துக் கரைஞ்சுடும். மண்டபத்துல ராத்திரி ஈரப்பதம் அதைத் தாண்டாத நாள் கம்மி. ஆக, நீங்க வாசிக்காத நேரத்துலயும் தந்தி உப்புத் தண்ணியில ஊறுது. உலர்ந்த துணியால துடைச்சா உப்பு இடம் மாறுமே தவிரப் போகாது. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைச்ச துணியால முதல்ல ஒரு இழுப்பு, அப்புறம் உலர்ந்த துணி. ஆல்கஹால் விரல்பலகை மேல படாம தந்திக்கு அடியில ஒரு அட்டை செருகிக்கங்க, ரோஸ்வுட் வறண்டு போகும். பூச்சுத் தந்தி விலை கூடுதல்தான், ஆனா இந்தக் கரையில சாதாரணத் தந்தி மாதிரி மூணு நாலு மடங்கு நாள் வரும், கணக்குப் பார்த்தா லாபம்.

பேஸுக்கு வேற வழி உண்டு. ஃப்ளாட்வுண்ட் தந்தி, தடிமன் எண் 45ல இருந்து 105. சுத்து தட்டையா இருக்கிறதால உப்பு உட்கார இடுக்கு கம்மி, புதுசுலயே மந்தமான ஒலி, ஆறு மாசம் கழிச்சும் அதே ஒலி. உங்க மாதிரிப் பாட்டுக்கு அதுதான் பொருத்தம்.

பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் 100 கிராம், நிறம் மாறுற வகை. நிறம் மாறினதும் 120 டிகிரி அவன்ல 2 மணி நேரம். அவன் இல்லேன்னா அடிகனமான இரும்புச் சட்டியில சிறு தீயில வறுத்து எடுக்கலாம், அந்தச் சட்டியில அப்புறம் சமைக்கக் கூடாது. மென்பை வேண்டாம், மூடி இறுகுற கெட்டிப் பெட்டி. 500 ரூபாய்க்குள்ள ஒரு ஈரமானி வாங்கி உள்ள போடுங்க. 45ல இருந்து 55க்குள்ள நின்னா சரி. ஈரம் ஏறினா கிட்டார் மேல்பலகை உப்பி, தந்தி உயரம் கூடும். உடனே கழுத்துக் கம்பியை (ட்ரஸ் ராட்) திருகாதீங்க. ரெண்டு நாள் உலர்ந்த பெட்டியில வச்சுட்டு அப்புறமும் உயரமா இருந்தா கால் சுத்து மட்டும். திருகிட்டு ஒரு நாள் விட்டு அளக்கணும்.

கண்டென்சர் பொரியிறது: காப்ஸ்யூல் (மைக்குக்குள்ள ஒலியை வாங்குற பகுதி) மேல ஈரம் படிஞ்சு மின்னூட்டம் ஒழுகுது. திறக்காதீங்க, ஊதாதீங்க. சிலிக்கா ஜெல்லோட காத்துப் புகாத டப்பாவுல 24 மணி நேரம். பதிவுக்கு அரை மணி முன்னாடி வெளியே எடுத்து, பேந்தம் மின்சாரத்தை (இன்டர்ஃபேஸ் கேபிள் வழியா மைக்குக்குத் தர்றது) போட்டு விடுங்க, சூடேறட்டும். ஏசி அறையில இருந்து நேரா வெளிக்காத்துக்கு எடுத்துட்டுப் போனா மைக் வேர்க்கும், அதுதான் பெரும்பாலும் காரணம். அப்படியும் பொரிஞ்சா அந்த மைக்குக்குப் பழுது பார்க்கணும்.

‘ர்ர்ர்’: சத்தம் எங்கிருந்து வருதுன்னு பிரிக்கணும். கிட்டாரைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே 90 டிகிரி திரும்புங்க. சத்தம் கூடிக் குறைஞ்சா பிக்கப் வெளியில இருந்து வாங்குது. முதல் குற்றவாளி மின்விசிறியோட எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். விசிறி ஓடாட்டியும் ரெகுலேட்டர் பாதியில நின்னா ரீங்காரம் வரும். சுவிட்சையே அணைக்கணும். அடுத்தது பழைய குழல்விளக்குச் சோக். அடுத்தது சதுர அலை இன்வெர்ட்டர், அதுல ஓட்டிக்கிட்டு பதிவு பண்ணவே பண்ணாதீங்க. லேப்டாப்பை பேட்டரியில விடுங்க.

திரும்பியும் மாறலேன்னா, தந்தியைத் தொட்டதும் சத்தம் குறைஞ்சா, எர்த்தையும் சந்தேகப்படணும். மணல் பூமியில எர்த் குழாய் நட்டுட்டு விட்டுடுவாங்க. கோடையில மணல் வறண்டு தடை ஏறும், உப்புல குழாய் அரிச்சுப் போகும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் டெஸ்டர் வச்சு அளக்கச் சொல்லுங்க. 5 ஓமுக்குக் கீழ வரணும். புதுசாப் போட்டா ஜிஐ குழாய்க்குப் பதில் தாமிரம் பூசின கம்பி. சில பேர் சத்தம் போகணும்னு பிளக்ல மூணாவது பின்னை வெட்டுவாங்க. கை தந்தியில, உதடு மைக்குல இருக்கும்போது மின்சாரம் பாய்ஞ்சா ஆள் காலி. இதுல விளையாடக் கூடாது.

---

தொண்டி_தாளம்

மரிம்பா பத்தி. ‘லாங் கான் டே’ல மரிம்பா வாசிச்சது டிரம்மர் பாரெட் மார்ட்டினேதான், அந்த ஆல்பத்துல செல்லோவும் அவர்தான். சாக்ஸபோன் வாசிச்சவர் ஸ்கெரிக். ஸ்டேலியோட ஸ்க்ரீமிங் ட்ரீஸ் பாடகர் மார்க் லானகன் குரல் பகிர்ந்துக்கிறார். மரிம்பாங்கிறது அங்க அழகுக்கு ஒட்டின பொட்டு இல்ல, குழுவுல இருக்கிற டிரம்மரோட கைக்கே வேற வேலை கொடுத்தது. இதைப் பிடிச்சுக்கிட்டா உங்களுக்கு மரிம்பாவே தேவைப்படாது.

நம்ம மாவட்டத்துல மரிம்பா தேடி அலையாதீங்க. கீபோர்டுல நல்ல மாதிரி ஒலியை ஏத்தி வாசிங்க, ஆனா கீபோர்டுக்காரர் மாதிரி வாசிச்சா உடனே பொய் தெரியும். மரக்கட்டை ஒலி நிக்காது. ஒரு சுரத்தை நீட்டணும்னா ரெண்டு கட்டையால மாத்தி மாத்தி அடிச்சுத்தான் நீட்டுவாங்க. அதனால கீயை அழுத்திப் பிடிக்காம, ரெண்டு விரலால அதே சுரத்தை உருட்டுங்க, ஒவ்வொரு தட்டும் வேற வேற அழுத்தத்துல. ஒரே நேரத்துல 4 சுரத்துக்கு மேல போகாதீங்க, பெரும்பாலும் கட்டை 4தான் பிடிப்பாங்க. ஜலதரங்கம் வச்சுப் பார்க்கலாமான்னு யாராவது கேட்பாங்க. கிண்ண ஒலியில மேல்சுரங்கள் கூர்மையாத் தெறிக்கும், மரத்தோட வட்டமான ஒலி வராது. அது வேற பாட்டுக்கு.

சாக்ஸபோனுக்கு கல்யாண, சர்ச் பேண்டு வாத்தியக் குழுக்கள்ல ஆள் இருப்பாங்க. பெரும்பாலும் ஆல்ட்டோ. உங்க பாட்டு இ மைனர்னா ஆல்ட்டோக்காரருக்கு சி ஷார்ப் மைனர்னு எழுதிக் கொடுக்கணும், டெனர்னா எஃப் ஷார்ப் மைனர். இதைச் சொல்லாம ‘இ மைனர்’னு மட்டும் சொல்லிட்டு நின்னா முதல் ஒரு மணி நேரம் வீணாப் போகும். மைக்கை மணிவாய்க்கு நேரா வைக்காதீங்க, நடுச் சாவிகளைப் பார்த்து ஒரு முழம் தள்ளி. பேண்டுக்காரங்க தெருவுக்குக் கேட்க ஊதிப் பழகினவங்க. அறைக்குள்ள பாதி மூச்சுல ஊதச் சொல்லணும், அப்பதான் அந்தக் கரகரப்பு வரும்.

நாதஸ்வரம் வைக்கலாம்னு ஒரு ஆசை எல்லாருக்கும் வரும். 14 அடி அறையில முடியாது. மொட்டை மாடியில வச்சுப் பதிவு பண்ணுங்க, சுருதிக்கு உங்க கிட்டாரைத்தான் மாத்தணும், அது மாறாது.

---

மண்டபம்_பேஸ்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெகுலேட்டர் சுவிட்சை அணைச்சதும் முக்கால்வாசி சத்தம் போயிடுச்சு, மூணு பின் பிளக் விஷயமும் பார்க்கிறோம். ஹெட்ஃபோன்ல கேட்டா ‘இ’ வீக்கம் சுத்தமா இல்ல, கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்னது சரி.

இன்னும் ரெண்டு. ஸ்டேலி மாதிரிக் குரலை அடுக்கினா தமிழ்ச் சொல் உடைஞ்சு போகுது, என்ன பாடுறாங்கன்னே தெரியல. அப்புறம் எந்த மாசத்துல, எத்தனை நாள்?

---

வாடைக்காற்று

குரலுக்கு முதல்ல. மெதுவான பாட்டுல ஒரு சொல் ரெண்டு மூணு நொடி நீளும். இங்கிலீஷ்ல எந்த உயிரை நீட்டினாலும் சொல் அப்படியே இருக்கும். தமிழ்ல குறிலை நீட்டினா நெடிலாயிடும், சொல்லே மாறும். ‘படு’வை நீட்டினா ‘பாடு’, ‘வலி’யை முதல் எழுத்துல இழுத்தா ‘வாலி’. சோகப் பாட்டுல வாலி வந்து நின்னா என்ன செய்ய? அதனால நீளுற சுரம் எங்க விழுதுன்னு பென்சில்ல குறிச்சு, அந்த இடத்துல நெடிலோ, ‘கரை’, ‘இல்லை’ மாதிரி ஐகார முடிவோ, ‘ம்’, ‘ன்’ மாதிரி மூக்கொலியோ வர்ற மாதிரி வரியைத் திருத்துங்க. ‘க்’, ‘ட்’, ‘ப்’புல முடிஞ்சா நீட்டவே முடியாது. ஒப்பாரியைக் கவனிங்க. நீளுற இடமெல்லாம் ‘ஏ’, ‘ஆ’, ‘ஓ’தான். காரணம் இல்லாம இல்ல.

அடுக்கும்போது: நடுவுல ஒரு முழுப் பாட்டு. அதே மெட்டை இன்னும் ரெண்டு தடவை பாடி இடம் வலம் வைங்க, ஒவ்வொண்ணும் நடுக்குரலைவிட 8 டெசிபல் கீழ. அந்த ரெண்டு தடவையும் வல்லினத்தை மழுக்கிப் பாடணும். ‘கட்டு’ன்னா ‘ட்டு’வைத் தொட்டும் தொடாம. மூணு ‘ட்டு’ மூணு நேரத்துல விழுந்தாத்தான் சொல் உடையும். ‘ச’வுக்கும் அப்படியே. அப்புறம் ஒத்திசைக் குரல் ஒண்ணே ஒண்ணு, எல்லா வரியிலயும் இல்லாம வரி முடிவுல மட்டும். ஸ்டேலி அவரோட குரலுக்கு அவரே துணைக்குரல் போட்டதோட வசீகரமே அது எப்ப வரும்னு தெரியாததுதான். உங்ககிட்ட ரெண்டாவது பாடகர் இருந்தா அடுக்குறதை விட்டுட்டு லானகன் வழியைப் பாருங்க: வேற நிறக் குரல், வேற வரி. கரையில அம்பா (மீனவர் வேலைப் பாட்டு) பாடுறவங்க ஒருத்தர் எடுத்துக் கொடுக்க மத்தவங்க வாங்குற முறை இதுக்கு ரொம்பப் பொருந்தும்.

எதிரொலிக்கு ஒரு கணக்கு: 60000த்தைத் தாள வேகத்தால வகுங்க. நிமிஷத்துக்கு 72ன்னா ஒரு தட்டு 833 மில்லிநொடி, அதுல முக்கால் 625. டிலேயை (எதிரொலி தாமதம்) 625ல வச்சா ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில விழும், சொல் மேல விழாது.

---

கீழக்கரை_ஒலி

மாசத்துக்கு நான் சொல்றேன். ஐப்பசி, கார்த்திகை மழையும் ஈரமும், மைக்குக்கு ஆகாது. ஆனி, ஆடியில காத்து, சன்னல் கம்பியே ஊளையிடும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை, படகு ஓடாது, அமைதியா இருக்கும்னு நினைப்பீங்க. அப்பதான் எல்லாப் படகையும் கரையில ஏத்திப் பழுது பார்ப்பாங்க, காலையில இருந்து சுத்தியலும் கிரைண்டரும். மாசி, பங்குனிதான் தோது. திருவிழா ஒலிபெருக்கி எந்த நாள்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க. குரலை ராத்திரி 11க்கு மேல, விசைப்படகு கிளம்புற சத்தத்துக்கு முன்னாடி முடிங்க.

நாள்: 6 பாட்டுன்னா வாத்தியத்துக்கு 4, குரலுக்கு 3. முதல் நாள் முழுக்க டிரம்ஸ் தோல் சுருதி சேர்க்கிறதுக்கும் மைக் வைக்கிறதுக்கும் போகும், ஒரு பாட்டுகூட வராது, பதறாதீங்க. மீதி மூணு நாள், நாளுக்கு ரெண்டு பாட்டு. டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூணு பேரும் ஒரே அறையில, ஒரே நேரத்துல வாசிங்க. கிட்டார் ஆம்ப்பை மட்டும் படிக்கட்டுல வச்சுக் கதவைச் சாத்துங்க, மைக் ஆம்ப் ஸ்பீக்கர் கோன் நடுவுக்குச் சற்று ஓரமா, முகப்புத் துணியில இருந்து 3 சென்டிமீட்டர். ஒரு பாட்டுக்கு 5 தடவை. அஞ்சாவதுலயும் வரலேன்னா அன்னிக்கு அந்தப் பாட்டு வராது, அடுத்ததுக்குப் போங்க. ஆலிஸ் இன் செயின்ஸோட ‘ஜார் ஆஃப் ஃப்ளைஸ்’ 1993ல ஏறக்குறைய ஒரு வாரத்துல முடிஞ்சதுதான்.

---

தொண்டி_தாளம்

ஒரு சின்ன மறுப்பு. 5 தடவை சரி, ஆனா மெட்ரோனோம் போடலாமா கூடாதான்னு யாரும் சொல்லல. சாக்ஸ், மரிம்பா, குரல் எல்லாம் அப்புறம் ஏத்தப் போறீங்கன்னா முதல் 4 தாளச் சுற்றுக்கு மட்டும் கிளிக் கேட்டுட்டு அணைச்சுடுங்க. முழுக்கப் போட்டா மெல்லிசைக் குழு டிரம்மர் அதுல ஒட்டிக்கிட்டு மெஷின் மாதிரி வாசிப்பார், ‘நவம்பர் ஹோட்டல்’ மாதிரி மெல்ல ஏறி வெடிக்கிற பாட்டு அதுல வரவே வராது. டிலே கணக்குக்கு அப்புறமா வேகத்தை அளந்துக்கலாம். ரெண்டு மூணு தட்டு ஏறி இறங்கினா பரவாயில்ல, பத்து ஏறினா திரும்ப எடுங்க.

ஸ்னேர் தோலைத் தளர்த்துங்க. மேல ஒரு பழைய கைக்குட்டையை மடிச்சு விளிம்புல ஒட்டினா மந்தமாகும். எல்லா அடியையும் நட்டநடுவுல அடிக்காம, நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில அடிக்கச் சொல்லுங்க.

---

வாடைக்காற்று

தொண்டி_தாளம் சொன்னதை ஏத்துக்கிறேன்.

இன்னொண்ணு விட்டுப் போச்சு. ஒரிஜினல் ஆல்பத்தை மட்டும் வச்சு ஒப்பிடாதீங்க. 1995 ஏப்ரல் 29ல சியாட்டில் மூர் தியேட்டர்ல வாசிச்ச மேடைப் பதிவு இருக்கு. கூடுதல் அடுக்கு எதுவும் இல்லாம அந்தப் பாட்டு எப்படி நிக்குதுன்னு அதுல தெரியும். 4 பேர் குழுவுக்கு அதுதான் சரியான அளவுகோல். 2013ல வந்த விரிவான பதிப்புல, முடியாம விட்ட ரெண்டாவது ஆல்பத்தோட வாத்தியப் பதிவுகள் மேல லானகன் பாடின 3 பாட்டு உண்டு. ‘லோகோமோட்டிவ்’, ‘பிளாக் புக் ஆஃப் ஃபியர்’, ‘ஸ்லிப் அவே’. பல வருஷம் கழிச்சு வேற ஆள் வந்து பாடியும் வாத்தியப் பகுதி தாங்குதுன்னா, எடுக்கும்போதே இடம் விட்டு எடுத்திருக்காங்கன்னு அர்த்தம். உங்க வாத்தியப் பதிவை ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல, குரல் இல்லாமத் தனித்தனித் தடமா, ஆரம்பப் புள்ளி ஒண்ணா இருக்கிற மாதிரி ஏத்தி வைங்க. ஒரு டிஸ்க் கடலுக்கு 300 மீட்டர்ல இருக்கிற அறையில வேண்டாம். ராமநாதபுரத்துலயோ பரமக்குடியிலயோ சொந்தக்காரர் வீட்டு அலமாரியில, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட.